கட்டி சார்க்: நூறில் ஒன்று

கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலின் நீளம், மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால், 85 மீட்டர். அதை நூறில் ஒரு பங்காகச் செய்து தரும்படி மொரிஷியஸில் உள்ள ஒரு பட்டறையில் சொல்லிவைத்திருந்தேன். 85 சென்டிமீட்டர் தேக்குக் கப்பல் வந்து சேர்ந்து, பெட்டி பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தாகிவிட்டது. கயிற்று வேலை அபாரம். தளப் பலகையில் கோட்டை விட்டிருக்கிறார்கள். எல்லாம் கணக்குப் பார்த்தால், கொடுத்த காசு வீணில்லை.

மொரிஷியஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1960களின் கடைசியில் கியூர்பிப் நகரத்தில் துளிர்த்த தொழில் இது. இப்போது வடக்கே குட்லண்ட்ஸ் பக்கமும் பட்டறைகள் இருக்கின்றன. மரவேலை பெரும்பாலும் ஆண்கள் கையில், கயிறும் பாயும் பெண்கள் கையில். பெரிய கப்பல் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு போகும். கடையில் அடுக்கிவைத்திருப்பதையே எடுத்துக்கொள்ளலாம், விலையும் குறையும். ஆனால் எந்த ஊர்க் கடையானாலும் அங்கே நிற்கும் பல கப்பல்களுக்கு உடல் ஒன்றுதான், பெயர்ப்பலகைதான் மாறுகிறது. விக்டரி என்ற போர்க்கப்பலின் புடைத்த வயிறும் தேயிலைக் கப்பலான கட்டி சார்க்கின் ஒடுங்கிய முன்பகுதியான அணியமும் ஒரே அச்சில் வர வாய்ப்பே இல்லை. உண்மையான கட்டி சார்க்கின் அகலம் 36 அடி, உடல் நீளம் 212 அடி சொச்சம். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கடைக்குப் போகிறவர்கள் ஒரு டேப்பை எடுத்துப்போய் இந்த விகிதத்தை மட்டும் அளந்து பார்த்தாலே பாதிக் கப்பல்கள் கழிந்துவிடும்.

சொல்லிச் செய்வதில் முதலில் முடிவாக வேண்டியது ஆண்டு. கட்டி சார்க் 1869 நவம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறங்கியது. சூயஸ் கால்வாய் திறந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. சீனத் தேயிலையை நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் கொண்டுபோகத் தொடங்கிய பிறகு, இந்தக் கப்பல் கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு அலைந்தது. 1880-இல் பாய்மரங்களை ஒன்பதரை அடி வெட்டிக் குட்டையாக்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றிய காலத்தில்தான் அதன் வேகத்துக்குப் பெயர் வந்தது. 1895-இல் போர்த்துக்கீசியருக்கு விற்றார்கள். அவர்கள் கையில் இருந்தபோது பாய்மர அமைப்பே மாறிப்போனது. ஆக, 'கட்டி சார்க் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் எந்தக் கட்டி சார்க் என்று பட்டறைக்காரருக்கு எப்படித் தெரியும்? மூன்று காலத்து உறுப்புகளையும் கலந்து ஒரு கப்பலைக் கையில் கொடுத்துவிடுவார்.

நான் கேட்டது 1885-க்கும் 1895-க்கும் இடைப்பட்ட கப்பல், கேப்டன் ரிச்சர்ட் உட்கெட்டின் காலம். பாய்மரம் குட்டைதான். ஆனால் உட்கெட்டுக்குப் புகைப்படப் பித்து. தன் கப்பலைத் தானே படம் எடுத்து வைத்திருக்கிறார். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அவர் எடுத்த படம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய வசதி! கூடவே ஜார்ஜ் காம்ப்பெல் வரைந்த கப்பல் வரைபடங்களையும், டாக்டர் லாங்ரிட்ஜ் தன் மாதிரியைச் செய்த விதத்தை விவரித்து 1933-இல் எழுதிய புத்தகத்தையும் ஆதாரமாகக் குறிப்பிட்டு எழுதிக்கொடுத்தேன். எந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிற பட்டறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

இனி கப்பலுக்கு வருவோம். என்னிடம் இருந்த முக்கியமான சோதனைக் கருவி ஒரு காகித மனிதன். ஐந்தடி ஏழங்குல ஆள் நூறில் ஒரு பங்கில் 17 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குக் கெட்டிக் காகிதத்தில் ஓர் ஆளை வெட்டி மேல்தளத்தில் நடமாட விட்டேன். மாலுமிகள் தங்கும் அறையின் கதவில் தலை இடிக்காமல் நுழைகிறான். சுக்கான் சக்கரத்தின் முன் நின்றால் கைப்பிடி கைக்கு எட்டுகிறது. படிக்கட்டுகளும் அவன் காலுக்குச் சரியாக இருக்கின்றன. ஆனால் குனிந்து பார்த்தால் அவன் காலடியில் உள்ள தளப் பலகை ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் அகலம். உண்மைக் கப்பலில் அது 30 சென்டிமீட்டர், ஓரடி! இவ்வகைக் கப்பல் தளத்துக்குப் பொதுவாக ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை போடுவதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கீற்றாக அறுத்து ஒட்டியிருக்க வேண்டும். வேலை இரட்டிப்பாகும் என்பதால் தவிர்த்திருக்கிறார்கள். இந்த விலைக்கு இது ஏற்க முடியாத குறை. ஒப்பந்தத்தில் பலகை அகலத்தையும் எழுதிவிடுவது நல்லது.

கயிற்று வேலைக்கு வந்தால் மனம் நிறைகிறது. ஒரு கப்பல் மாதிரியின் தரத்தை நூலின் பருமனிலேயே சொல்லிவிடலாம். கடைக் கப்பல்களில் எல்லா இடத்துக்கும் ஒரே பழுப்பு நூல், சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமன். நூறு மடங்கு பெருக்கினால் பத்து சென்டிமீட்டர். அத்தனை தடிமனான வடத்தை வைத்துக்கொண்டு எந்த மாலுமி பாயைச் சுருட்டுவான்? ஓர் அங்குலக் கயிறு இந்த அளவில் கால் மில்லிமீட்டர்தான் வர வேண்டும். என் கப்பலில் வெவ்வேறு பருமனில் ஐந்தாறு வகை நூல் இருக்கிறது. பாய்மரத்தை அசையாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் கறுப்பு. அசலில் அவை தார் பூசியவை. பாய் தொங்கும் குறுக்குமரங்களான பருமல்களைத் திருப்பவும் பாயை ஏற்றி இறக்கவும் பயன்படும் கயிறுகள் வைக்கோல் நிறம். எந்தக் கயிறு நிலையானது, எது ஓடுவது என்று பார்த்ததும் புரிகிறது.

பக்கவாட்டுக் கயிறுகள் தளத்தின் விளிம்பில் வந்து முடியும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அங்கே 'டெட் ஐ' என்று மாலுமிகள் சொல்லும் உருண்டைக் கட்டைகள், மேலொன்றும் கீழொன்றுமாக ஜோடி ஜோடியாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர். அதற்குள் மூன்று துளை. அந்தத் துளைகள் வழியாக நூலை மேலும் கீழும் கோத்து இழுத்து முறுக்கேற்றியிருக்கிறார்கள். உண்மைக் கப்பலிலும் பாய்மரத்தைப் பிடிக்கும் கயிறுகளின் இறுக்கத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த இடத்தில்தான். மேலே ஏறும் கயிற்றேணியின் படிகள் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அசலில் ஒன்றேகால் அடி, கால் எட்டி வைக்கும் தூரம். ஒவ்வொரு படியும் குறுக்கே வரும் ஒவ்வொரு கயிற்றிலும் சுற்றி முடிச்சிடப்பட்டிருக்கிறது. பசை வைத்து ஒட்டியது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மூன்று பாய்மரத்திலும், இரு பக்கத்திலும் அப்படியே. அந்த விரல்களைக் கும்பிடத் தோன்றியது.

பாய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மொரிஷியஸ் பட்டறைகளில் பாய்த்துணிக்குப் பழைய நிறம் வரத் தேநீரில் முக்கி எடுக்கும் வழக்கம் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் தேநீரில் உள்ள டானின் நாளடைவில் துணியை அரிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தையல். தையல் இயந்திரத்தின் 2 மில்லிமீட்டர்த் தையல் உண்மை அளவில் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். இந்தச் சிற்றளவுக்குப் பொருந்துகிற மெல்லிய துணி கிடைப்பது அரிது. பாய் இல்லாவிட்டால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மேல் பருமல்கள் சில, பாய் விரிக்கும்போது மட்டும் உயர ஏற்றப்படுபவை. பாய் இல்லாத கப்பலில் அவை கீழே இறங்கி நிற்க வேண்டும். பட்டறை அனுப்பிய முதல் படத்தில் எல்லாம் உச்சியில் நின்றன. சொன்னதும் இறக்கிவிட்டார்கள். வேலை நடக்கும்போதே படம் அனுப்பச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்ததன் பலன் அது.

நீர்மட்டத்துக்குக் கீழே அசல் கப்பலில் மன்ட்ஸ் உலோகத் தகடு போர்த்தியிருந்தார்கள். அறுபது பங்கு செம்பும் நாற்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. நாலடி நீளமும் ஓரடிக்குச் சற்றே மேல் அகலமும் உள்ள தகடு அக்காலத்தில் வழக்கம். நூறில் ஒரு பங்கில் 12 மில்லிமீட்டர். பொன்னிறப் பெயின்ட் அடித்தால் செலவு மிச்சம் என்றார்கள். கூடுதல் பணம் கொடுத்துப் பித்தளைத் தகடு கேட்டேன். தகடு மேல் தகடாக ஒட்டிய வரிசை கப்பலின் பின்பகுதியான அமரத்துக்கு அருகே வளைந்து ஒடுங்கும் இடத்தில் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அணியத்தில் இருக்கும் பெண் உருவம் ராபர்ட் பர்ன்ஸின் கவிதையில் வரும் நேனி. குதிரையின் வாலைப் பிடுங்கிய சூனியக்காரி. நீட்டிய இடது கையில் வால் இருக்க வேண்டும். மலிவான மாதிரிகளில் அது வெறுங்கை. இங்கே பிரித்த நூலால் ஒரு குஞ்சம் வைத்திருக்கிறார்கள். அசல் கப்பலிலும் பழைய கயிற்றைப் பிரித்துத்தான் வால் செய்வார்கள் என்பதால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

சென்னை ஈரத்துக்குத் தேக்குதான் பொருத்தம். கற்பூர மரம் மலிவு, ஆனால் வெடிக்கும். ரோஸ்வுட் இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லை தாண்டும்போது தலைவலி. பில்லில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சிறு உதிரி பாகங்களில் ஈயம் கூடாது. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்திலிருந்து கசியும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகிவிடும். கண்ணாடிப் பெட்டி அவசியம், அதில் காற்றுத் துளையும் அவசியம். என் கப்பலுக்கான பெட்டி ஒரு மீட்டர் நீளம் பிடித்துவிட்டது. சிறிய வீட்டில் இருப்பவர்கள் நூற்றைம்பதில் ஒரு பங்கு கேட்பது உத்தமம்.

செலவு, கூரியர், சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல மடிக்கணினியின் விலையை எட்டிவிட்டது. வரவேற்பறையில் ஒரு கப்பல் நின்றால் போதும் என்பவர்களுக்கு இது தேவையே இல்லை. கட்டி சார்க்கைத் தெரிந்தவர்கள், தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். அடிமரத்தைத் திருகாணியால் மரப்பெட்டியில் இறுக்கி அனுப்பியிருந்தும், வழியில் ஒரு பருமல் கயிறு அறுந்திருந்தது. பட்டறை எல்லா வகை நூலிலும் இரண்டு மீட்டர் கூடவே வைத்திருந்ததால் ஒரு மாலையில் இடுக்கியால் கட்டிவிட்டேன். நீங்கள் சொல்லிச் செய்யும்போதும் அந்த நூலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.