ஆறடித் தடியும் அதன் இரண்டு வாய்களும்

மிசௌரி ஆற்று வழியே 1811-இல் பயணம் போன ஆங்கிலத் தாவரவியலர் ஜான் பிராட்பரி, அரிக்காரா மக்களிடையே ஒரு வில்லின் விலையைக் குறித்துவைத்தார்: ஒரு குதிரை, ஒரு கம்பளி. அந்த வில் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தால் ஆனது. டெக்சாஸ், ஓக்லஹாமா, ஆர்கன்சா மாநிலங்கள் சேரும் பகுதி அதன் தாயகம். அரிக்காரா ஊர்களோ பல நூறு மைல் வடக்கே இருந்தன. பிறகு காலம் மாறியது. முள்கம்பி வருவதற்கு முன் அமெரிக்க நடுமேற்கு விவசாயிகள் அதே மரத்தை வேலிக்காக வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று அந்தப் பழைய வேலிகள் பலருக்குத் தொல்லை. கான்சாஸில் வேலியை அழிக்கும் விவசாயியிடம் கேட்டால் மரம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். அதையே வெடிப்பில்லாமல் உலர்த்திய தடியாக வாங்கப் போனால் நூறு டாலருக்கு மேலும் கேட்பார்கள். அந்த விலையில் பெரும்பங்கு மரத்துக்கு அல்ல, வெடிக்காமல் காத்ததற்கு.

வெட்டிய மரம் உலரும்போதுதான் கெடுகிறது. பச்சை மரத்தின் ஈரம் நெடுக்காக வெளியேறும் வேகம், குறுக்காகக் கசியும் வேகத்தைப் போல 10 முதல் 15 மடங்கு. ஆப்படித்துப் பிளந்த ஆறடித் தடியின் நடுப்பகுதி சொட்டச் சொட்ட இருக்கும்போதே இரு முனைகளும் காய்ந்துவிடுகின்றன. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கத் தொடங்கும். முனை சுருங்கப் பார்க்கும், ஈரமான உட்புறம் இடம் கொடுக்காது. இழுபறியில் முனை வெடிக்கும். வெடிப்பு நார் போகிற போக்கில் ஓடும். முறுக்கு நார் உள்ள தடி என்றால் பக்கவாட்டில் வெளியேறி, வில்லின் ஒரு கையையே விழுங்கிவிடும். வில்தச்சர்கள் முனையை அடைப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்க அல்ல. அகலத் திறந்த இரண்டு வாய்களையும் மூடி, ஈரம் பக்கங்களின் வழியே நிதானமாக வெளியேறும்படி செய்யத்தான். மலிவான பொருள்களே ஏன் போதும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

வில்தடியைப் போற்றுவது பழைய கதை. லண்டனில் வில் செய்வோர் அம்பு செய்வோரிடமிருந்து பிரிந்து தனித் தொழிலாக நின்றது 1371-இல். 1472-இல் வந்த சட்டம், இங்கிலாந்துக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் டன் ஒன்றுக்கு நான்கு வில்தடிகள் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றது. உள்நாட்டு யூ மரம் போதாமல் ஐரோப்பாவின் மலைக்காடுகளை நம்பிய காலம் அது. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் 170-க்கும் மேற்பட்ட யூ விற்கள் கிடைத்தன. கப்பல் மூழ்கிய அதே ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ரோஜர் ஆஸ்கம், வில்லை மெழுகுத் துணியால் தினமும் தேய்க்கச் சொல்கிறார். முடிந்த வில்லுக்கான பராமரிப்பு அது. ஈரத்துக்கு எதிராக மெழுகைக் கையாள்வது பழைய வழக்கம் என்பதற்கு அதுவே சான்று.

இன்றைய அமெரிக்க மரபின் கிளைகள் வேறு ஊற்றிலிருந்து வந்தவை. யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷி 1911-இல் கலிஃபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தார். அவரிடம் வில் பழகிய மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923-இல் எழுதிய வேட்டை நூல், ஒரு தலைமுறையையே மர வில்லின் பக்கம் திருப்பியது. நூற்றாண்டின் நடுவில் கண்ணாடி இழை வந்ததும் மர வில் ஓரங்கட்டப்பட்டது. 1992-இல் ஜிம் ஹாம் தொகுத்த ‘மரபு வில்தச்சர்களின் பைபிள்’ முதல் தொகுதி அதை மீட்டெடுத்தது. டிம் பேக்கர், பால் காம்ஸ்டாக் போன்றோர் அதில் எழுதினார்கள். எந்த மரம், எப்போது வெட்டுவது, எதைப் பூசுவது என்ற சண்டைகளெல்லாம் அந்த மறுமலர்ச்சிக்குப் பின் சூடு பிடித்தவை.

பூச்சுச் சண்டையில் முதல் கட்சி மெழுகு. பாரஃபின் மெழுகை உருக்கி முனையைத் தோய்ப்பது பழைய வழி. எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திகளே போதும். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் 1985-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்விலும், உருக்கிய பாரஃபினில் தோய்த்த மரம் ஈரத்தைத் தடுப்பதில் முன்வரிசையில் நின்றது. நம்மவர்கள் கதவுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் ஏறக்குறையப் பூஜ்யம் வாங்கியது. ஆனால் மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். நேரடித் தீ ஆபத்து. குளிர்ந்த ஈர மரத்தில் பூசினால் பொருக்காக உதிர்ந்தும் போகும். இந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் மெழுகைத் தண்ணீரில் கலந்த பால்மக் குழம்புகள் விற்பனைக்கு வந்தன. மர அறுவை ஆலைகளுக்கு அவற்றில் ஒன்றான ‘ஆங்கர்சீல்’ வாங்குவது கட்டுப்படியாகும். ஆண்டுக்கு இரண்டு தடி வெட்டுகிறவருக்கு ஒரு காலன் டப்பா வீண் செலவு.

இரண்டாவது கட்சி வெள்ளைப் பசை. தச்சுப் பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் பிவிஏ பசையைத் தடிமனாக இருமுறை பூசுவது. வெட்டுமுகத்தோடு நிறுத்தாமல் பக்கங்களிலும் இரண்டு மூன்று அங்குலம் இறக்கிப் பூசுவார்கள். ஓசேஜ் மரத்தில் வில் செய்கிறவர்களில் பலருக்கு இதுவே வழக்கம். உறைபனியில் மட்டும் இது சரியாகப் பிடிக்காது.

ஷெல்லாக்குக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அது நியாயமானதும்கூட. ஆல்கஹாலில் கரைவதால் சற்று ஈரமான மரத்திலும் ஒட்டும், நிமிடங்களில் காயும், பிறகு வில்லின் மேல் எந்தப் பூச்சுக்கும் இடைஞ்சல் செய்யாது. ஓக்லஹாமாவில் வில் செய்கிறவர் டப்பாவைத் திறக்கும்போது அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் குசும், புரசு, இலந்தை மரங்களின் கிளைகளில் பூச்சி சுரந்த அரக்கு. அந்தப் பூச்சிக்காகவே ராஞ்சியை அடுத்த நாம்கும் என்ற ஊரில் 1924-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. பாரதத்தில் மாளிகை கட்டி எரிக்கப்பட்ட பொருள், மிசௌரிக் கரையில் ஒரு தடியின் முனையைக் காக்கிறது.

வீட்டில் மிஞ்சிய பெயின்ட் நாலாவது. எண்ணெய் எனாமல் என்றால் பரவாயில்லை. தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட் ஈராவியைச் சுலபமாக உள்ளே விட்டுவிடும். ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

இந்த நான்கைவிடக் காரசாரமான விவாதம் பட்டையைப் பற்றியது. ஓசேஜ் மரத்தில் பட்டைக்கு அடியில் மெல்லிய வெளிறு, அதற்குள் மஞ்சள் வைரம். வில்லின் முதுகு வைரத்தின் ஒரே ஆண்டு வளையத்தில், எங்கும் அறுபடாமல், முனைக்கு முனை ஓட வேண்டும். பட்டையோடு வைக்கும் கட்சி, முனைக்கு மட்டும் பூசி ஆண்டுக்கணக்கில் பரணில் போட்டுவிடும். தொந்தரவு குறைவு. ஆனால் பட்டைக்கும் வெளிறுக்கும் நடுவே துளைப்பான் புழு குடியேறும். உரிக்கும் கட்சி வெளிறுவரை சீவி எடுத்து வைரத்தைத் திறந்துவிடும். அப்படித் திறந்த முதுகை அன்றே முழுநீளத்துக்கும் பூசியாக வேண்டும். விட்டால் நெடுக மயிரிழை வெடிப்புகள் விழும். ஹிக்கரி போன்ற வெளுத்த மரங்களில் கதை வேறு. காம்ஸ்டாக் பரிந்துரைத்த முறையில் மரத்தில் பால் ஏறும் வசந்தத்தின் கடைசியிலோ கோடைத் தொடக்கத்திலோ வெட்டினால் பட்டை முழுசாகக் கழன்று வரும். அடியில் தெரியும் பரப்பே வில்லின் முதுகு. சீவ வேண்டியதே இல்லை. பட்டையோடு விட்டால் பூசணம் பிடித்து மரம் சீக்கிரம் உளுத்துப்போகும்.

எதைப் பூசினாலும் தடியைப் பிளக்காமல் உருளையாக வைப்பவருக்குப் பலன் இல்லை. வளையத்தை ஒட்டிய சுருக்கம் ஆரப்போக்குச் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு; முனையில் எவ்வளவு பூசினாலும் உருளையின் பக்கம் வெடிக்கும். பாதியாகவோ காலாகவோ பிளப்பது செலவே இல்லாத காப்பு. அதைவிடத் துணிச்சலான கட்சியும் ஒன்று உண்டு. பச்சையாக இருக்கும்போதே தடியை வில்லின் வடிவுக்கு மெலியச் செதுக்கி, வளையாதபடி ஒரு பலகையில் இறுக்கிக் கட்டி உலர்த்துவார்கள். மெல்லிய மரத்தில் உள்ளும் புறமும் சேர்ந்தே காய்வதால் வெடிப்பதற்கான இழுபறி குறைகிறது. வாரங்களில் வேலை முடிகிறது. பேக்கர் போன்றோர் இதை ஆதரித்தாலும், ஓசேஜில் இவர்களும் முதுகுக்கு ஒரு பூச்சைக் கொடுத்துவிடுவது வழக்கம்.

எவ்வளவு காய வேண்டும் என்று வரும்போது கட்சிகளுக்குள் வேறுபாடு அதிகமில்லை. நாண் ஏற்றும் முன் ஈரப்பதம் 8 முதல் 10 விழுக்காடு இருக்க வேண்டும். ஹிக்கரிக்கு அதைவிடச் சற்றுக் குறைவே நல்லது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள அறையில் மரம் தானாக 9 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஈரம் மிஞ்சினால் நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தபடியே நின்றுவிடும், அம்பு சோம்பிப் போகும். மிகவும் காய்ந்தால் ஒடியும். ஈரமானி வாங்கப் பணம் இல்லாதவர்கள் தடியை வாரா வாரம் தராசில் நிறுத்து, தடியின் மேலேயே எடையை எழுதிவைக்கிறார்கள். எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஷெல்லாக் வாங்கலாம். பட்டறையில் பசை இருந்தால் அதுவே தாராளம். இரண்டும் இல்லாதவர் தடியை இரு முனையிலும் மூன்று நான்கு அங்குலம் நீளமாக வெட்டி, வெடித்த பகுதியைப் பிறகு அறுத்துப் போடலாம். ஆனால் பூசுவதென்றால் மரம் சாய்ந்த அன்றே பூசிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்பவரின் பூச்சு வெடிப்பின் மேல்தான் விழும்.