மகள் பெயரில் அப்பாவின் பட்டியல்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே பொறியியல் கவுன்சலிங் பற்றிய அறிவுரைகள் தொடங்கிவிடுகின்றன. பதிவுக்குப் பெற்றோரின் கைப்பேசி எண்ணையே கொடுங்கள், பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும், கல்லூரிக்குப் போன் செய்வதும் மின்னஞ்சல் அனுப்புவதும் உங்கள் வேலை, 17 வயதுப் பிள்ளையை நம்பினால் நான்கு வருடம் வீணாகும் என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டணம் கட்டுவது பெற்றோர். சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் அலைய ஒரு பெரியவர் வேண்டும். சீட்டு வாங்கித் தருவதாகப் பேசும் தரகரிடம் பிள்ளை தனியாகச் சிக்கிவிடக் கூடாது. இவை மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றில் எதுவும், மாணவரின் பெயரில் பெற்றோர் பேசுவதையும் எழுதுவதையும் பட்டியல் போடுவதையும் நியாயப்படுத்தவில்லை.

இந்தக் கவுன்சலிங்கில் மாணவர் அரசிடம் தன் விருப்பத்தைச் சொல்லக் கிடைக்கும் முக்கிய இடம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பட்டியல் தருவது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லும். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எது, எந்தப் பாடப்பிரிவு என்பதை முடிவு செய்வது அவர் பெயரில் பதிவான பட்டியலின் வரிசைதான். மூன்றாவதாக இருந்ததை ஏழாவதாக இறக்கினால் ஊரே மாறலாம். அதை யார் இறக்கினார் என்று மென்பொருளுக்குத் தெரியாது. 2017 வரை மாணவர் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் அப்பா இருந்தார், அவர் சொல்லே பல நேரம் எடுபட்டது என்பதும் உண்மை. இருந்தாலும் மாணவர் அங்கே இருந்தார். கருத்து வேறுபட்டால் அது நாலு பேர் முன்னிலையில் வெளிப்பட்டது. 2018-இல் கவுன்சலிங் இணையத்துக்கு மாறியது. பயணச் செலவும் அலைச்சலும் குறைந்தன, பெரிய நன்மைதான். கூடவே, தேர்வு நடக்கும் இடம் அப்பாவின் கைப்பேசிக்குள் போய்விட்டது.

இதன் சுமை அதிகம் விழுவது பெண்கள்மேல். விடுதிக்கு அனுப்ப மாட்டேன், கல்லூரிப் பேருந்து வரும் தூரத்தில்தான் படிக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் நேராகச் சொன்னால், மகள் வாதாடலாம், அம்மாவைத் துணைக்கு அழைக்கலாம், பள்ளி ஆசிரியரை விட்டுப் பேசச் சொல்லலாம். ஓடிபி அவர் எண்ணுக்கு வந்து, பட்டியலை அவரே போட்டுப் பூட்டிவிட்டால் வாதாட என்ன இருக்கிறது? கோவையோ கிண்டியோ பட்டியலிலேயே இல்லை என்பது அவளுக்கு ஒதுக்கீடு வந்த பிறகுதான் தெரியும். கட்-ஆஃப் போதவில்லை என்று சொன்னால் நம்பியும் விடுவாள். மறுப்பதைவிட இது கொடியது. மறுக்கப்பட்டது என்றே அவளுக்குத் தெரியாமல் போகிறது. இதை அக்கறை என்ற கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

பிள்ளை தவறு செய்துவிடும் என்பதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. பெற்றோர் தவறு செய்வதில்லையா? போன வருடக் கட்-ஆஃபையும் உறவினர் வாய்ச்சொல்லையும் வைத்துத்தான் பெரும்பாலும் பட்டியல் தயாராகிறது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று அண்மையில் முளைத்த பாடப்பிரிவுகளில் என்ன கற்பிக்கிறார்கள் என்பது பிள்ளையைவிடப் பெற்றோருக்கு அதிகம் தெரியும் என்று சொல்ல ஓர் ஆதாரமும் இல்லை. கல்லூரி அலுவலகத்துக்கு அப்பா போன் செய்து ஆய்வகம், விடுதி, கட்டணம் பற்றிக் கேட்கும்போது, அங்கே நான்கு வருடம் இருக்கப் போகிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டிருந்தால் வேறு கேள்விகள் வந்திருக்கும். பட்டியலைப் பூட்டும் முன் அருகில் உட்கார்ந்து சரிபார்க்கலாம், தெரியாததைச் சொல்லித் தரலாம். தவறைத் தடுக்க அது போதும்.

17 வயதில் முடியாது என்பவர்கள் அரசுப் பள்ளி மாணவர்களைப் பார்க்கட்டும். இணையதளத்தைப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள், ஆசிரியர் உதவியோடும் கவுன்சலிங் சேவை மையத்தின் உதவியோடும் ஒவ்வோர் ஆண்டும் தாங்களே விண்ணப்பிக்கிறார்கள், சந்தேகம் கேட்கிறார்கள், சான்றிதழை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சிலர் பிரவுசிங் சென்டர்காரர் போட்ட பட்டியலுக்குப் பலியாவதும் உண்டு. அதற்கு மருந்து, சேவை மையங்களில் இன்னும் நல்ல வழிகாட்டல். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை செய்வதை, படித்த பெற்றோரின் பிள்ளையால் செய்ய முடியாது என்பதை எப்படி ஏற்பது? முதல் மின்னஞ்சலைக்கூட எழுத விடப்படாதவர், ஆறு மாதம் கழித்து உதவித்தொகை வராதபோது துறை அலுவலகத்தில் யாரிடம் போய் என்ன சொல்லிக் கேட்பார்? அப்போதும் வீட்டிலிருந்துதான் போன் போகும்.

பெற்றோரின் மனம் மாறும்வரை காத்திருக்க நான் தயாரில்லை. நடைமுறை மாற வேண்டும். பெற்றோர் எண்ணில் பதிவு செய்தாலும், பட்டியலை இறுதியாகப் பூட்டுவது மட்டும் அருகிலுள்ள சேவை மையத்தில், மாணவர் நேரில் வந்து, தன் பட்டியலைத் தானே படித்துப் பார்த்த பிறகு நடக்கட்டும். கல்லூரி அலுவலகங்களும் சேர்க்கை விசாரணைக்குப் பெற்றோர் அழைத்தால், மாணவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லட்டும். மலைக் கிராமத்திலிருந்து மையத்துக்கு வர ஒரு நாள் கூலி போகும் என்றால், அந்தப் பயணச் செலவை அரசு கொடுக்க வேண்டும்.