சீவாளி

நாதஸ்வரத்தின் உலவு, அதாவது நீண்ட குழல் பகுதி, ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களை வாங்கிக் கடைகிறார்கள். ஈரம் முழுக்க வற்றிய மரம். தலைமுறை தாண்டியும் உழைக்கும். அதன் நுனியில் செருகும் சீவாளிக்கு அந்த ஆயுள் இல்லை. நாணல் தட்டையைப் பதப்படுத்தி, தட்டையாக்கி, அடியில் நூல் சுற்றிக் கட்டிய சின்னப் பொருள் அது. எச்சில் ஈரம் பட்டால்தான் பேசும். அந்த ஈரத்திலேயே தளர்ந்தும் போகும்.

வாசிக்குமுன் வித்வானைக் கவனித்திருக்கிறீர்களா? வாத்தியத்தில் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து உதட்டில் நனைப்பார். ஊசியை விட்டு அதன் வாயை மெல்லத் திறப்பார். 'பீ' என்று ஊதிப் பார்த்து, மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அடுத்தது. நாதம் பிறக்கும் இடத்தை அத்தனை பக்கத்தில் வேறெந்த வாத்தியத்திலும் நான் பார்த்ததில்லை.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். அவர் வாசித்த தோடி ராகம் இசைத்தட்டில் இருப்பது நம் பாக்கியம். ஆனாலும் சுவாமி புறப்பாட்டில், மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கிற தூரத்தில் நின்று கேட்பது வேறு. அன்றைய காற்று, அன்றைய உதடு, அன்றைய சீவாளி. மறுநாள் அதே ராகம் இப்படி வராது.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போனால் மேளக்காரர்கள் பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு ராகத்தைக் கொஞ்சம் நின்று வாசிப்பார்கள். பந்திக்கு அப்புறம் போகலாம்.