ஜாய்ஸ்டிக்கை மாற்றும் முன் அதன் இடத்தை மாற்றுங்கள்

ஃப்ளைட் சிமுலேட்டரில் நீண்ட நேரம் பறப்பவர்களில் பலருக்குத் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். வலி வந்ததும் மனம் விலை கூடிய ஜாய்ஸ்டிக்கைத் தேடிப் போகிறது. அதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுங்கள். வழக்கமான எழுதுமேசையின் உயரம் சுமார் 75 செ.மீ. அதன்மேல் நிற்கும் ஜாய்ஸ்டிக்கின் பிடி இன்னும் 15 முதல் 20 செ.மீ. மேலே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் முழங்கையோ தரையிலிருந்து 65, 70 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். ஆக, பறக்கும் நேரம் முழுவதும் கையைத் தோள்தான் தூக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு கொடுத்து வாங்கிய ஜாய்ஸ்டிக் ஆனாலும் அந்த மேசைமேல் வைத்தால் தோளுக்கு அதே சுமைதான்.

நடுத்தர விலையில் கிடைக்கும், பிடியைத் திருகினால் ரட்டர் (வால் சுக்கான்) அசையும் வகை ஜாய்ஸ்டிக் ஒன்றை வீட்டிலேயே படிப்படியாக மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் அதே இரண்டு சோதனைகள். ஒன்று, செஸ்னா 172-ஐ 65 நாட் வேகத்தில், 3 டிகிரி சரிவில் ஓடுபாதைக்கு இறக்குவது. மற்றொன்று, டிஜி-1001 கிளைடரை மேலெழும் வெப்பக் காற்றுக்குள் வட்டமிடவைத்து உயரம் ஏற்றுவது. முதலாவதில் கையின் நுணுக்கம் தெரியும். இரண்டாவதில், விடாமல் பிடித்திருக்கும் கை எப்போது சோர்கிறது என்பது தெரியும்.

முதலில் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிஜ விமானங்களில் ஸ்டிக் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஏர்பஸ் ஏ320-இல் அது விமானியின் பக்கவாட்டில் இருக்கிறது. அதையொட்டிய கைத்தாங்கியின் உயரத்தையும் சாய்வையும் மாற்றலாம். ஒவ்வொரு விமானியும் தனக்குப் பொருந்தும் நிலையைக் குறித்துவைத்துக்கொள்ள எண் அளவுகோலும் உண்டு. முன்கை முழுவதும் தாங்கியின்மேல் கிடக்க, மணிக்கட்டும் விரல்களும் மட்டுமே வேலை செய்கின்றன. 1974-இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16 போர்விமானத்தின் பக்கவாட்டு ஸ்டிக் தொடக்கத்தில் அசையவே அசையாது. கை தரும் அழுத்தத்தை மட்டும் அளந்தது. பிறகுதான் அதற்குச் சிறிதளவு அசைவு கொடுத்தார்கள்.

கிளைடர்களில் நீளமான ஸ்டிக் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் தரையிலிருந்து எழும். அங்கே முன்கைக்குத் தொடைதான் தாங்கி.

இரண்டிலும் பொதுவான விதி ஒன்று: கையின் எடையை வேறு ஏதோ ஒன்று சுமக்கிறது, ஸ்டிக் சுமப்பதில்லை. வீட்டு மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. பயணிகள் விமானம் ஓட்டுபவர் பக்கவாட்டு வழியையும், கிளைடர், ஹெலிகாப்டர், பழைய போர்விமானம் ஓட்டுபவர் நடுவழியையும் தேர்ந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

இடமாற்றம்: ஒரு பிளைவுட் பலகையின் பலன்

பக்கவாட்டு அமைப்புக்கு 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே யூ போல்ட்டுகளால் பிணைத்தேன். நடுவில் பழைய டியூப் ரப்பர் வைத்தால் பலகை நழுவாது. ஜாய்ஸ்டிக்கின் அடிப்பகுதியை இதன்மேல் வைத்து, முழங்கை 90 முதல் 100 டிகிரி வரை மடங்கி, மணிக்கட்டு மேலும் கீழும் வளையாமல் நேராக இருக்கும் உயரத்தில் இறுக்க வேண்டும். பலகையைச் சற்றே உள்பக்கம் திருப்பிவைப்பது முக்கியம். முன்கை இயல்பாகவே உடலை நோக்கிச் சாய்ந்துதான் நீள்கிறது; ஸ்டிக்கின் முன்பின் திசை அதனோடு ஒத்துப்போனால், முன்னே தள்ளும்போது விமானம் பக்கவாட்டில் சாயாது.

எல்லா மாற்றங்களிலும் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான். மிக அதிகப் பலனும் இதில்தான். தோள்வலி போய்விட்டது. தரையிறக்கத்தில் விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடுவதும் குறைந்தது. தூக்கிப் பிடித்த கையில் எப்போதும் மெல்லிய நடுக்கம் இருக்கும். தாங்கிய கையில் அது அடங்குகிறது.

பிடி: எம்-சீலும் கிரிப் டேப்பும்

பிடியின் அடியில் சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை அமர ஒரு விளிம்பு வேண்டும். சில ஜாய்ஸ்டிக்குகளில் அது மிகச் சிறியது. எம்-சீலைப் பிசைந்து, கையுறையோடு அழுத்தி, என் உள்ளங்கைக்கு ஏற்ற விளிம்பை உருவாக்கினேன். இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்து, மேலே பேட்மிண்டன் மட்டையின் கிரிப் டேப்பைச் சுற்றியாயிற்று. வியர்வையில் பிளாஸ்டிக் வழுக்குவதால் நாம் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறோம். வழுக்காத பிடியில் மூன்று விரல்களே போதும். வெப்பக் காற்றில் வட்டமிடும் சோதனையில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

மணிக்கட்டிலிருந்து காலுக்கு

பிடியைத் திருகி ரட்டரை இயக்குவது இடத்தை மிச்சப்படுத்தும், மணிக்கட்டைக் களைப்பாக்கும். திருகும்போதே பின்னால் இழுக்கவும் வேண்டியிருந்தால் கை தானாகவே பக்கவாட்டிலும் அசைந்துவிடும். செஸ்னாவில் முழு விசையோடு ஓடுபாதையில் ஓடும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டரை விடாமல் பிடிக்க வேண்டும். அந்த வேலையைக் கால்களுக்குக் கொடுப்பதே சரி.

முதல் உலகப்போர்க் கால விமானங்களில் இருந்ததுபோல, நடுவில் சுழலும் ஒரே ஒரு மரச்சட்டமே எளிமையான ரட்டர் மிதி. 8 மி.மீ. போல்ட் ஒன்று, அதில் பொருந்தும் 608 பேரிங் இரண்டு, இரு பக்கமும் இழுவை ஸ்பிரிங், அடியில் வழுக்காத ரப்பர் பாய். இவ்வளவுதான் இயந்திரப் பகுதி.

கணினியோடு பேச ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வேண்டும். உரிய நிரலை ஏற்றினால் இவற்றைக் கணினி நேரடியாக ஜாய்ஸ்டிக் என்றே அடையாளம் காணும். ஊனோ போர்டு அப்படி நேரடியாகச் செய்யாது. 32யூ4 சிப் மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்து அளக்கிறது. சட்டத்தின் திருப்பத்தை மின்னழுத்தமாக மாற்றும் சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 300 டிகிரி சுழலக்கூடியது. மரச்சட்டமோ 40 டிகிரிதான் திரும்பும். அப்படியே இணைத்தால் 1024-இல் ஏறத்தாழ 137 படிகளே பயன்படும். ரட்டருக்கு அது போதும். ஸ்டிக்கின் அச்சுகளுக்குப் போதாது.

ட்ரிம் சக்கரம்

நிஜ விமானத்தில் ட்ரிம் சக்கரத்தைத் திருப்பினால், ஸ்டிக் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கேயே கைக்கு வரும் அழுத்தம் மறையும். ஸ்பிரிங் உள்ள ஜாய்ஸ்டிக் எப்போதும் நடுவுக்கே திரும்பும். அதனால் ட்ரிம்மைக் கூட்டிக்கொண்டே கையை மெல்ல நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பொத்தானை அழுத்தி அழுத்திச் செய்தால் அளவு பிடிபடாது. பலர் ட்ரிம்மையே விட்டுவிட்டு, ஸ்பிரிங்கோடு முழுப் பயணமும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒரு சுற்றுக்கு 20 சொடுக்கு தரும் கேஒய்-040 என்கோடரை அதே ப்ரோ மைக்ரோவில் இணைத்து, அதன் தண்டில் அகலமான சக்கரம் ஒன்றைப் பொருத்தினேன். ஒவ்வொரு சொடுக்கும் ஒரு பொத்தான் அழுத்தமாகக் கணினிக்குப் போகிறது. அந்த அழுத்தம் சில பத்து மில்லிவினாடிகள் நீடிக்கும்படி நிரலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றும்போது விளையாட்டு சிலவற்றைத் தவறவிடும். சக்கரம் இடதுகைக்கு வந்தபின் வலதுகை பெரும்பாலான நேரம் சும்மா ஓய்ந்திருக்கிறது. இடமாற்றத்துக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

நீட்டிப்பு: கணக்கும் நிபந்தனையும்

20 செ.மீ. நீள ஸ்டிக் 20 டிகிரி சாய்ந்தால் கை சுமார் 7 செ.மீ. நகர்கிறது. நடுவில் 10 செ.மீ. குழாய் சேர்த்தால் அதே சாய்வுக்குக் கை 10 செ.மீ.க்கு மேல் நகரும். ஒரே கட்டளைக்கு ஒன்றரை மடங்கு தூரம் என்றால் ஒன்றரை மடங்கு நுணுக்கம். கைக்குத் தேவைப்படும் விசையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது.

நிபந்தனைகளும் உண்டு. மேசைமேல் வைத்த ஸ்டிக்கை நீட்டினால் கை இன்னும் உயரும். அதனால் அடிப்பகுதியை முழங்கால்களுக்கு நடுவே தாழ்த்தி, அசையாமல் பொருத்திய பிறகே இதைச் செய்யலாம். நீண்ட ஸ்டிக்கின் எடையைப் பழைய ஸ்பிரிங் தாங்காமல் பிடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கடினமான ஸ்பிரிங் தேவை. பிடிக்குள் போகும் கம்பிகளையும் சோல்டர் செய்து நீட்ட வேண்டும். உராயும் இடங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் பாதுகாப்பானது. பெட்ரோலியம் கலந்த கிரீஸ் சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு ஏற்படுத்தும்.

கிளைடரில் இதன் பலன் அபாரம். ஏ320 மட்டும் ஓட்டுபவருக்கு இது தேவையே இல்லை.

ஹால் சென்சார்: தேவைப்பட்டால் மட்டும்

பொட்டென்ஷியோமீட்டரில் ஒரு தொடுமுனை கரிப்பாதையில் உரசுகிறது. நாம் அதிகம் புழங்கும் நடுப்பகுதியே முதலில் தேயும். அங்கே அளவீடு துள்ளத் தொடங்கும். விண்டோஸில் joy.cpl என்பதை இயக்கிப் பார்த்தால் குறி நடுங்குவது தெரியும். முதலில் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பாருங்கள். தீராவிட்டால், 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் 49ஈ வகை சென்சார் கைகொடுக்கும். காந்தம் நகர்ந்தால் மின்னழுத்தம் மாறும். எதுவும் எதனோடும் உரசாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் தன் முதன்மை அச்சுகளுக்கு ஹால் சென்சாரையே பயன்படுத்துகிறது.

49ஈ-க்கு மூன்று கால்கள்: மின்சாரம், தரை, சைகை. மூன்று கம்பி பொட்டென்ஷியோமீட்டரின் அதே கம்பிகளில், கால்களின் வரிசையைச் சரிபார்த்து இணைக்கலாம். 5 வோல்ட் கொடுத்து, காந்தம் அருகில் இல்லாதபோது சைகைக் காலில் சுமார் 2.5 வோல்ட் வருகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்த்த பிறகே சோல்டர் செய்யுங்கள். 5 வோல்ட்டும் தரையும் ஒன்றையொன்று தொட்டால் கணினியின் யூஎஸ்பி வாயிலே பழுதாகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இந்தப் பாகங்கள் கிடைக்கும். பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மென்பொருளைக் கடைசியில் தொடுங்கள்

நடுப்பகுதியை மென்மையாக்க பலர் சென்சிட்டிவிட்டி வளைவைக் கூட்டுகிறார்கள். நடுவில் மென்மை கூடினால் ஓரங்களில் வேகம் கூடியே தீரும். தரையைத் தொடுமுன் மூக்கைத் தூக்கும் நேரத்தில் ஸ்டிக் நடுவைத் தாண்டிப் போகிறது. சீரான பதில் மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில்தான் விமானம் திடீரென்று மிகையாக எழும். மேலே சொன்ன மாற்றங்களுக்குப் பிறகு வளைவை ஏறக்குறைய நேர்கோட்டுக்கே கொண்டுவர முடிந்தது. ஸ்டிக் அசைந்தும் விமானம் அசையாத நடுப்பகுதியான டெட் ஜோனையும் மிகக் குறைத்தாயிற்று.

தீர்ப்பு

பலகையும் கிரிப் டேப்பும் எல்லோருக்கும். சோல்டரிங் பழகியவர்கள் ட்ரிம் சக்கரத்தைத் தவறவிடக் கூடாது. மிதி, சிறு விமானங்களை விரும்புபவர்களுக்கு. நீட்டிப்பு, கிளைடருக்கும் ஹெலிகாப்டருக்கும். ஹால் சென்சார், குறி நடுங்கும்போது மட்டும். இந்த வரிசையில் போனால், முதல் படியிலேயே வலி தீர்ந்தவர் அங்கேயே நின்றுகொள்ளலாம். மீதிப் பணத்தையும் நேரத்தையும் பறப்பதில் செலவிடலாம். புதிய ஜாய்ஸ்டிக் வாங்கியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களும் முதலில் அந்தப் பலகையைப் பொருத்துங்கள். எதை வாங்கினாலும் அதை வைக்கப்போவது அதன்மேல்தான்.