இழுப்பறையை முழுசாக உருவிப் பாருங்கள்

பழைய மேசை ஒன்றை விலைபேசப் போகிறவர்கள் முதலில் மேற்பலகையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அங்கே தெரிவது பாலீஷ் போட்டவரின் வேலை. ஆசாரியின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் இழுப்பறையை முழுசாக உருவி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பிடியுங்கள்.

முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலைதான் முதல் இடம். வெறும் ஆணி அடித்திருந்தால் அதோடு விட்டுவிடலாம். நல்ல வேலையில் டவ்டெயில் இருக்கும்: நுனியில் அகன்று அடியில் குறுகும் பற்கள், எதிர்ப்பலகையின் பள்ளங்களில் போய் அடைந்திருக்கும். நாம் தினமும் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிற விசை முழுக்க அந்த மூலையில்தான் விழுகிறது. பற்களின் வடிவமே பலகையைக் கழன்று வரவிடாது; பசை பிறகுதான். பற்கள் அளவில் துளி வித்தியாசப்பட்டு, ஓரத்தில் மெல்லிய கோடு கீறியிருந்தால் அது கையால் வெட்டியது. அளவு குறித்த அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டிருப்பதைப் பார்க்கும்போது, வேலை செய்தவரின் கை பக்கத்திலேயே இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

அடுத்து அடிப்பலகையை விரலால் அசைத்துப் பாருங்கள். துளி அசைய வேண்டும். சுற்றிலும் எடுத்த காடியில் பசையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அசைவது குறையல்லவா என்று கேட்பவர்களுக்கு மதுக்கரைக் காற்றே பதில் சொல்லும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிற ஊர் இது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். கதவு நிலைச்சட்டத்தில் இறுகிக்கொள்ளும், இழுப்பறை திறக்க மறுக்கும். மாசி, பங்குனியில் காற்று காய்ந்துவிட, அதே கதவில் இடுக்கு விழும். வெட்டி எத்தனை வருடமானாலும் மரம் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். அகலப் பலகையை நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் அது ஒருநாள் வெடித்தே தீரும். பழைய பீரோக் கதவுகளில் சட்டத்துக்குள் பலகையைக் காடியில் விட்டிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. பங்குனியில் பலகையோரத்தில் பாலீஷ் படாத வெளிர்க்கோடு ஒன்று எட்டிப்பார்த்தால் சந்தோஷப்படுங்கள். அந்தப் பலகைக்கு நகர இடம் விட்டிருக்கிறார்கள்.

இந்த விரிவும் சுருக்கமும் குறைவாக இருப்பதால்தான் தேக்குக்கு அந்த மரியாதை. 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு, கப்பல் கட்டுவதற்காக பம்பாய்த் துறைமுகம் வரை போயிற்று. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கே டாப்ஸ்லிப் என்று பெயர் நின்றுவிட்டது.

மரம் இருக்கட்டும், மறுபடி இணைப்புக்கு வருவோம். இணைப்பை ரசிக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது ஒரு குடும்பம் என்று சொல்வேன். சிட்னி பார்ன்ஸ்லி, அவர் அண்ணன் எர்னஸ்ட், நண்பர் எர்னஸ்ட் கிம்சன் மூவரும் கட்டடக்கலை படித்தவர்கள். 1893 வாக்கில் லண்டனை விட்டு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதிக் கிராமத்துக்குக் குடிபோய், பிறகு சேப்பர்டன் என்ற ஊரில் நிலைத்தார்கள். சிட்னி பெரும்பாலும் தனியாளாகவே ஓக் மரத்தில் மேசையும் பெட்டியும் செய்தார். டவ்டெயிலையும், துளைக்குள் நுழையும் கழுந்தையும் அவர் மறைக்கவில்லை. அவற்றையே அலங்காரமாக வெளியே காட்டினார். அந்த ஊர் உழவர்களின் வைக்கோல் வாரியிலிருந்து மேசையின் அடிச்சட்ட வடிவத்தையும், வண்டி செய்வோரிடமிருந்து விளிம்புகளைச் சரிவாகச் சீவும் முறையையும் எடுத்துக்கொண்டார்கள். நகரத்து வரவேற்பறைக்கு உழவு வீட்டின் பொருள் இப்படிப் போய்ச் சேர்ந்தது. சிட்னியின் மகன் எட்வர்ட் 1923இல் ஹாம்ப்ஷயரின் ஃப்ராக்ஸ்ஃபீல்டில் இருந்த பட்டறையை ஏற்றார். 1987இல் அவர் இறந்த பிறகும் அங்கே ஆட்கள் வேலை கற்கிறார்கள்.

கொங்குநாட்டுப் பொருள்களையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். மாட்டுவண்டியின் சக்கரத்தில் ஆரக்கால் குடத்துக்குள் போய் இறங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு குலுக்கலையும் தாங்குகிற இணைப்பு அது. தொட்டிக்கட்டு வீட்டு ஊஞ்சல் பலகை கிடைத்தால் அடிப்பக்கம் தடவுங்கள். மேலே வழுவழுவென்று இழைத்தவர்கள், யாரும் பார்க்காத அடியில் இழைப்புளியின் தடத்தை அப்படியே விட்டிருப்பார்கள். குறுக்கே விரலோட்டினால் மெல்லிய மேடுபள்ளம் தட்டுப்படும். புதுப்பிக்கிறேன் என்று அதையும் எந்திரத்தில் தேய்த்துவிடுவது எனக்குத் தாங்காது.

நாற்காலியானால் வேலை இன்னும் கடினம், ரசிக்க வேண்டியதும் கூடுதல். சாய்ந்து உட்காரும்போது பின்காலும் இருக்கைச்சட்டமும் சேரும் மூட்டுதான் பாரம் சுமக்கிறது. அங்கே கழுந்து துளைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, மர ஆணி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பின்கால் வளைந்திருந்தால் மரத்தின் ரேகையைக் கண்ணால் தொடருங்கள். வளைவோடு சேர்ந்து ரேகையும் ஓடினால் அந்தக் கட்டையைத் தேடித் தேர்ந்திருக்கிறார்கள். ரேகை நடுவில் அறுந்து ஓரமாக வெளியேறினால், நாளைக்கு அங்கேதான் முறியும்.

இதற்கெல்லாம் மரங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். மதுக்கரையிலிருந்து பஸ்ஸில் கோவைக்குப் போய் கௌலி பிரவுன் சாலையில் இறங்குங்கள். 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதன் மரத் துண்டுகளின் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். ஈட்டியின் கருஞ்சிவப்பு, தேக்கின் பொன்பழுப்பு இரண்டையும் பிரித்தறிவது சுலபம். அதற்கப்புறம் நடுவிலுள்ள வைரத்தையும் சுற்றியுள்ள வெளிர்ப்பகுதியையும் பிரித்துப் பாருங்கள். செல் முதலில் அரிப்பது அந்த வெளிர்ப்பகுதியைத்தான். வீடு திரும்பியதும் உங்கள் மேசையைக் கவிழ்த்துக் கால்களைப் பார்த்தால், ஆசாரி வெளிர்ப்பகுதியை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார் என்பது தெரியும்.