லெஃப்ட் ஹாஃப் பாஸ்கரன்

ஹாக்கி பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் பந்தைத்தான் பார்க்கிறார்கள். பந்து போகிற பக்கம் தலை திரும்புகிறது, கோல் விழுந்தால் கை தட்டுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பந்தை மறந்துவிட்டு, நடு வரிசையின் இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் ஹாஃப் நிற்கிற இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் ருசி வேறாக இருக்கும். கோல் எங்கே உருவாகிறது, எங்கே முளையிலேயே கருகிப்போகிறது என்பது அங்கேதான் தெரியும். அந்த இடத்தில் ஆடி, ஓர் அணியை ஒலிம்பிக் தங்கம் வரை நடத்திப்போனவர் 1950இல் ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன். எங்கள் கருணாபுரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் போனால் ஆரணி அப்படியொன்றும் தூரமில்லை.

அந்த இடம் ஏன் கஷ்டமான இடம் என்று சொல்லியாக வேண்டும். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தை ஆடினால் ஃபவுல். இடதுகைக்காரர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது. அதனால் வலப்பக்கம் வருகிற பந்து யாருக்கும் சொன்னபடி கேட்கும். இடப்பக்கம் வருகிற பந்தை எடுக்க மட்டையைக் கவிழ்த்துத் திருப்ப வேண்டும். இதுதான் ரிவர்ஸ் ஸ்டிக். இப்போது எதிரணியின் வலது ஓர முன்வரிசைக்காரனான ரைட் அவுட் கோட்டை ஒட்டி ஓடிவருகிறான். பந்து அவனுக்கு வலப்பக்கம், வாகான இடத்தில் உருள்கிறது. அவனை மறிக்கிற லெஃப்ட் ஹாஃபுக்கு அதுவே இடப்பக்கம், கை வராத பக்கம். ஆட்டம் முழுக்க அவர் தன் பலவீனமான பக்கத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

அவசரப்பட்டு மட்டையை நீட்டுகிறவர் அங்கே தேறமாட்டார். நல்ல லெஃப்ட் ஹாஃப் பின்வாங்கிக்கொண்டே போவார். ஓடிவருகிறவனுக்கு வழி விடுவதுபோலக் காட்டி, அந்த வழியைக் கோட்டோரமாகச் சுருக்குவார். பந்து அவன் மட்டையைவிட்டு ஒரு முழம் விலகும் அந்த நொடிக்காகக் காத்திருப்பார். பந்தைப் பறித்ததோடு பாதி வேலைதான் முடிந்தது. மறுபாதி பாஸ். இடப்பக்கமாக முன்னால் தள்ளுவது உடம்புக்கு இயல்பாக வரும். வலப்பக்கம் கொடுக்க வேண்டுமென்றால் பந்தைச் சுற்றிக் கால்களை மாற்றி வைக்க வேண்டும். எதிரிகள் பார்ப்பது அந்தக் கால்களைத்தான். கால் பேசாமல் கை மட்டும் பேசத் தெரிந்தவரே கலைஞர்.

லயோலா கல்லூரியில் படித்த பாஸ்கரன் 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடினார். ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது அங்கேதான். இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். நான்கு வருடம் கழித்து மாஸ்கோவில் அவர் கேப்டன். பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஹாக்கி அணிகள் எல்லாம் வராத ஒலிம்பிக் அது என்று இன்றும் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆறே அணிகள்தான் என்பது உண்மை. தான்சானியாவை 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் அடித்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 என்று திணறிய அதே அணி இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை மறுபடி சந்தித்த விதம் இருக்கிறதே, அதை யாரும் இலவசமாகக் கொடுக்கவில்லை.

சுரீந்தர் சிங் சோதி இரண்டு, கௌஷிக் ஒன்று என்று இந்தியா 3-0 முன்னால் போனது. ஸ்பெயினின் ஹுவான் அமாத் இரண்டு கோல் அடித்து மூச்சுத் திணற வைத்தார். முகமது ஷாகித் நான்காவதை அடித்தார், அமாத் மறுபடியும் ஒன்று போட்டார். 4-3. இந்தியாவின் எட்டாவது தங்கம். அதற்குப் பிறகு ஹாக்கியில் ஒலிம்பிக் தங்கம் வரவேயில்லை. அன்று லெஃப்ட் ஹாஃபுக்கு முன்னால் லெஃப்ட் அவுட்டாக ஓடிய ஜாபர் இக்பால் அடுத்த ஒலிம்பிக்கில் கேப்டனானார். அந்த இறுதி ஆட்டத்தின் கோல் பட்டியலில் கேப்டன் பாஸ்கரன் பெயர் இல்லை. இருக்கவும் வேண்டாம், சமையல்காரர் பந்தியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டுமா என்ன?

ஆடியவர் கோச்சாக மாறும்போதுதான் கதை சிக்கலாகிறது. அமெரிக்காவில் ஜிம் ஹார்பா என்றொருவர். 1980களில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக். அவர்களுடைய ஃபுட்பாலில் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வுக்கும் பந்து முதலில் போய்ச் சேருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். அடுத்து என்ன என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் தீர்மானிப்பதும் அவரே. ஆடியபோது எட்டாத தேசியப் பட்டத்தை, அதே பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகத் திரும்பி வந்து 2024 ஜனவரியில் வென்றார். பாஸ்கரன் கதை இதற்கு நேர் எதிர். ஆளின் திறமையை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி. அந்த அமெரிக்க ஆட்டம் ஒவ்வொரு நகர்வுக்கும் நின்று நின்று போகும். கோச் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டம் சொல்லி அனுப்பலாம். ஓரத்தில் நின்றபடியே அவர் மறுபடி குவார்ட்டர்பேக் ஆகிவிடுகிறார். ஹாக்கியில் அப்படி இல்லை. பாஸ்கரன் கோச்சாக இருந்த காலத்தில் 35 நிமிடம் ஒரு பாதி, தண்ணீர் மாதிரி ஓடும். ஆள் மாற்றலாம், தொண்டை கிழியக் கத்தலாம், வேறென்ன செய்துவிட முடியும்?

மாஸ்கோவில் மூன்றாவது கோல் அடித்த கௌஷிக் கோச்சாக 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கிக்கொடுத்தார். 32 வருடம் கழித்து வந்த தங்கம் அது. அவரையும் மாற்றிவிட்டு, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பொறுப்பைப் பாஸ்கரனிடம் கொடுத்தார்கள். கடைசி லீக் ஆட்டம் போலந்தோடு. ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னணியில் இருந்த இந்தியா, முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ஒரு கோல் வாங்கியது. 1-1. போட்டியை ஏழாவதாக முடித்துத் திரும்பியது. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு பழைய ஹாஃபுக்கு உள்ளங்கை ரேகை மாதிரித் தெரியும்: பந்தைக் கோட்டோரம் கொண்டுபோய் உயிரோடு வைத்திருக்க வேண்டும். தெரிந்த கண் வெளியே இருந்தது, மட்டை உள்ளே வேறொருவர் கையில் இருந்தது. 2006 உலகக் கோப்பைக்கும் அவரே கோச். ஜெர்மனியில் பன்னிரண்டு அணிகளில் இந்தியா பதினோராவது. இதற்கு நான் சால்ஜாப்பு சொல்லப்போவதில்லை. மோசமான ஆட்டம்தான்.

ஆனாலும் பாஸ்கரன் என்றதும் சிட்னியையே இழுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு நாளை வைத்து ஒரு பெயரை எடைபோடுவது எப்படி இருக்கும் என்று 2024 ஜூனுக்குப் பிறகு கருணாபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னாலே சாராயச் சாவுதான் அடுத்த பேச்சு.

இங்கே கோமுகி ஆற்றங்கரையிலும் சரி, மேலே கல்வராயன் மலையிலும் சரி, பையன்கள் ஆடுவது வாலிபாலும் கபடியும்தான். ஹாக்கி மட்டை கண்ணில் படுவதே அபூர்வம். ஆனாலும் அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் இந்திய அணிக்குப் போனார். 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அவரோடு கோவில்பட்டி மாரீஸ்வரனும் இருந்தார். அந்த அணியின் கோச் சர்தார் சிங். அவரும் ஒரு ஹாஃப்தான், நடு ஹாஃப், முன்னாள் கேப்டன். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பாகிஸ்தான் சமன் செய்தது, 1-1. வெளியே நின்ற ஹாஃபுக்கு மறுபடியும் அதே சோதனை. ஆனால் இந்த முறை ஒலிம்பிக்போல அதோடு கதவு மூடிவிடவில்லை. அடுத்த சுற்றுக்குப் போக இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் அடிக்க வேண்டியிருந்தது. பையன்கள் 16-0 என்று முடித்தார்கள். பாகிஸ்தான் வெளியே போனது. இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது.