கொட்டிலும் காணியும்

'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு வகுப்பில் பொருள் சொல்வது எனக்குச் சிரமமில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின் அரசாங்கம் அதற்குக் கொடுத்த பொருள்தான் எந்த அகராதியிலும் இல்லாதது.

தகரக் கொட்டில்களின் வெக்கையைப் பற்றியே நாம் அதிகம் பேசினோம். ஆனால் அதைவிடப் பெரிய பிழை, கொட்டிலில் இருந்து வெளியேற வழி வைக்காததுதான். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். கிழக்கில் அலை பெரிது என்றே வைத்துக்கொள்வோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நெருக்கியடித்த குடியிருப்பு. 200 மீற்றரை விட்டுட்டுச் சனம் எங்க போறது? மாற்றுக் காணி காட்டாத தடை, கொட்டில் வாழ்வை நீட்டியது. பின்னர் தடையைத் தளர்த்தினார்கள். இழந்த காலம் திரும்பவில்லை.

கட்டிய வீட்டின் கதையும் வேறில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியால் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்து பற்றையேறின. பயனாளிகளைத் தெரியும் விதியை அத்திவாரம் போடுமுன்பே எல்லாச் சமூகங்களுக்கும் வெளிப்படுத்தியிருக்க வேண்டும். அதை வற்புறுத்தாத நமது பிரதிநிதிகளுக்கும் இதில் பங்குண்டு.

வெள்ளமோ மண்சரிவோ இனியும் வரும். கொட்டிலுக்கு முதற் கம்பு நடும் நாளிலேயே எந்தக் காணி, யாருக்கு, எப்போது என்று எழுத்தில் கேட்போம்.